பி.எஸ்சி. உயிர்வேதியியல்: சேரும் முன்பும் முடித்த பின்பும் கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கல்லூரி திறக்கும் வரை மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இறுதியாண்டு மாணவர்கள் கேட்பவையும் சில உண்டு. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் மூன்றாண்டு பி.எஸ்சி. உயிர்வேதியியலை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இந்தப் பாடத்தைப் படித்து, இப்போது கற்பிப்பவன் என்பதால் நல்லதையும் குறையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உயிர்வேதியியல் என்றால் உண்மையில் என்ன படிப்போம்?

உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் எச்.பி.ஏ.1சி என்ற பரிசோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று மாதச் சராசரி என்று லேபில் சொல்வார்கள். ஒரு சொட்டு ரத்தத்தை இன்று எடுத்துவிட்டு, போன மூன்று மாதம் சர்க்கரை எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், எந்த என்சைமின் உதவியும் இல்லாமல் ஹீமோகுளோபின் புரதத்தின் நுனியில் இருக்கும் அமினோ அமிலத்தோடு மெதுவாகப் பிணைந்துகொள்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அத்தனை நாளும் சர்க்கரை அதிகமாக இருந்தால் பிணைந்த ஹீமோகுளோபினின் விகிதமும் அதிகமாக இருக்கும்.

சரி, சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிந்துபோகும் ரத்தசோகை ஒருவருக்கு இருந்தால்? சர்க்கரை ஒட்டுவதற்குப் போதிய நாள் கிடைக்காது. சர்க்கரை கூடுதலாகவே இருந்தாலும் பரிசோதனை எண் குறைத்துக் காட்டும். இப்படி ஒரு எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூலக்கூறு எது, அது எப்படி நடந்துகொள்கிறது, எப்போது நம்மை ஏமாற்றும் என்று தேடிப் போவதுதான் இந்தப் படிப்பு. இதைப் படித்ததும் "அப்புறம்?" என்று கேட்கத் தோன்றினால் உங்களுக்கு இது ஒத்துவரும்.

எந்த குரூப் படித்திருக்க வேண்டும்? நீட் வேண்டுமா?

நீட் வேண்டாம். பிளஸ் டூவில் வேதியியல் கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே உயிரியல், அல்லது தாவரவியல் விலங்கியல் இருக்கலாம். பிளஸ் டூவிலேயே உயிர்வேதியியலைப் பாடமாக எடுத்தவர்களும் சேரலாம். துணைப் பாடங்கள் பற்றிய நிபந்தனை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். அரசுக் கல்லூரிகளுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான், சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்படி நடக்கும்.

செலவு தாங்குமா?

அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. சேர்ந்த முதல் மாதத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

தனியார் கல்லூரியில் சேர்வதாக இருந்தால் கட்டிடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உயிர்வேதியியல் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், சென்ட்ரிஃப்யூஜ், எலெக்ட்ரோபோரிசிஸ் கருவி ஆகியவை இருக்கின்றனவா, மாணவர்களே தொட்டு இயக்குகிறார்களா, ஒரு பேட்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள். காட்டத் தயங்கும் கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி இதிலிருந்து எப்படி வேறு?

பாடத்திட்டத்தில் பாதிக்குப் பாதி பொதுவாகத்தான் இருக்கும். மைக்ரோபயாலஜியில் கிருமிகள் மையம். பயோடெக்னாலஜியில் உயிரைக் கொண்டு ஒரு பொருளைத் தயாரிப்பது மையம். உயிர்வேதியியலில் வேதியியல் கனமாக இருக்கும். வேதியியல் பிடிக்காமல், "பயோ" என்று பெயரில் இருக்கிறதே என்று நினைத்துச் சேர்பவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள்.

எல்லாம் மனப்பாடம் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்களே?

மனப்பாடம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. இருபது அமினோ அமிலங்களின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் புரதம் படிக்க முடியாது. ஆனால் உடம்புக்குள் நடக்கும் வேதிவினைப் பாதைகளைக் காரணமே தெரியாமல் உருப்போடுபவர்களுக்கு அடுத்த செமஸ்டரில் எதுவும் நினைவில் இருப்பதில்லை.

குளுக்கோஸைச் சிதைக்கும் பாதையான கிளைகாலிசிஸில் பத்துப் படிகள். ஒன்பதாவது படியைச் செய்யும் என்சைம் ஈனோலேஸ். தேர்வுக்கு இது ஒரு பெயர் மட்டும்தான். இப்போது ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். சர்க்கரை பார்ப்பதற்குப் பல இடங்களில் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அதில் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடு இருந்து குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படியே விட்டால் லேப் போய்ச் சேர்வதற்குள் அளவு குறைந்துவிடும். ஃபுளோரைடு அந்த ஈனோலேஸைத்தான் தடுக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட மாணவிக்கு ஒன்பதாவது படி மறக்காது. சயனைடு ஏன் ஆளைக் கொல்கிறது என்பதற்கும் இதேபோல, செல் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் எலெக்ட்ரான் கடத்தும் சங்கிலியின் நான்காவது தொகுப்பில் விடை இருக்கிறது. ஒவ்வொரு பாதையிலும் "இந்த இடம் அடைபட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் படியுங்கள். நோய்களும் மருந்துகளும் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன.

பிராக்டிகல் வகுப்புக்கு அவ்வளவு முக்கியத்துவம் உண்டா? மதிப்பெண் குறைவுதானே?

மூன்று வருடத்தில் நீங்கள் கையோடு எடுத்துக்கொண்டு போகப்போவது அதைத்தான். முதல் வருடத்தில் மோலிஷ், பெனடிக்ட், பையூரெட் என்று நிறம் பார்க்கும் சோதனைகள். பிறகு எச்சிலில் இருக்கும் அமிலேஸ் ஸ்டார்ச்சைச் சிதைப்பதை அயோடினால் பார்ப்பது, டி.என்.எஸ். முறையில் சர்க்கரை, லௌரி முறையில் புரதம், யாஃபே முறையில் கிரியாட்டினின், சாக் முறையில் கொலஸ்ட்ரால் என்று அளவிடும் சோதனைகள் வரும்.

பாஸ்பரஸை அளவிட ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று ஒன்று செய்வீர்கள். கரைசல் நீல நிறமாக மாறும், அந்த நீலத்தின் அடர்த்தியை அளந்து கணக்குப் போடுவீர்கள். அந்தச் சுப்பாராவ், எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய் ஹார்வர்டில் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து 1925-ல் அந்த முறையை வெளியிட்டார். தசைக்கு ஆற்றல் தரும் மூலக்கூறுகளான பாஸ்போகிரியாட்டினையும் ஏ.டி.பி.யையும் வெளிக்கொண்டுவந்ததில் இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. பிற்காலத்தில் லெடர்லே நிறுவனத்தில் அவர் நடத்திய குழுவிலிருந்துதான் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வந்தது. சென்னையில் படித்த ஒருவரின் பெயர் உலகம் முழுக்க லேப் கையேடுகளில் இருக்கிறது. நம் மாணவர்கள் பலர் அது யார் பெயர் என்று தெரியாமலே ரெக்கார்ட் எழுதி முடித்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இன்டர்வியூவில் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன்: "0.1 மோலார் டிரிஸ் பஃபர், பி.எச். 8, 100 மில்லி எப்படித் தயாரிப்பீர்கள்?" பஃபர் என்பது பி.எச். எளிதில் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசல். டிரிஸின் மூலக்கூறு எடை 121.14. ஆகவே 100 மில்லிக்கு 1.21 கிராம். அதை 80 மில்லி அளவு நீரில் கரைத்து, பி.எச். மீட்டரை வைத்துக்கொண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து 8-க்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் 100 மில்லிக்கு நிரப்ப வேண்டும். முதலிலேயே 100 மில்லி ஊற்றிவிட்டால் அமிலம் சேரச் சேர அளவு கூடி, செறிவு குறைந்துபோகும். முதல் வகுப்பில் தேறியவர்கள்கூட இந்த இடத்தில் திணறுவார்கள். கூட இருக்கும் நண்பர் செய்ய, நீங்கள் அளவை மட்டும் எழுதிக்கொள்வது என்ற பழக்கம் வேண்டாம். பிப்பெட்டை நீங்கள் பிடியுங்கள்.

தமிழ் வழியில் படித்தேன். சமாளிக்க முடியுமா?

முடியும். முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் மேல்நிலை உயிர்வேதியியல் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதில் தவறே இல்லை. வகுப்பில் எழுந்து சந்தேகத்தைத் தமிழில் கேளுங்கள். எந்த நல்ல ஆசிரியரும் அதைக் குறையாக நினைக்க மாட்டார்.

கல்லூரியில் சேர்ந்துகொண்டே நீட்டுக்கும் படிக்கலாமா?

படிக்கிறார்கள், சிலர் வெற்றியும் பெறுகிறார்கள். ஆனால் இரண்டு படகிலும் கால் வைத்தவர்கள் பெரும்பாலும் முதல் வருடத்தில் அரியர் வைத்து, அடிப்படை வேதியியலைத் தவறவிடுகிறார்கள். இன்னொரு முறை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு வருடத்தை முழுதாக அதற்கே கொடுங்கள். இல்லையென்றால் இந்தப் படிப்புக்கு முழு மனத்தோடு வாருங்கள். டாக்டர் சீட் கிடைக்காததால் வந்தவர்கள் என்று உங்களை நீங்களே எண்ணிக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணம் ஒரு நல்ல பாடத்தையும் உங்களிடமிருந்து மறைத்துவிடும்.

பி.எஸ்சி. மட்டும் முடித்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் உங்கள் பாடத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள வேலைகள் குறைவு, தொடக்கச் சம்பளமும் குறைவு. மருந்து, உணவு, பால் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, பரிசோதனைக் கருவிகளையும் ரீஏஜென்டுகளையும் விற்கும் நிறுவனங்கள், தனியார் லேப்கள் ஆகியவை எடுக்கும். மேலே உயர எம்.எஸ்சி.யோ ஒரு தனித் திறனோ தேவைப்படும். பொறியியல் போல கேம்பஸ் இன்டர்வியூவை நம்பி இதில் சேர வேண்டாம். பெற்றோரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: பெரும்பாலோருக்கு இது ஐந்து வருடக் கணக்கு.

ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்ய இது போதுமா?

இங்கே குழப்பம் அதிகம். அரசு மருத்துவமனையின் லேப் டெக்னீஷியன் பணிக்கு மருத்துவ ஆய்வக நுட்பம் படித்த சான்றிதழ் அல்லது டிப்ளமோ கேட்பார்கள். உயிர்வேதியியல் பட்டம் அதற்கு ஈடாகாது. அதுதான் இலக்கு என்றால் முதலிலேயே பி.எஸ்சி. எம்.எல்.டி. அல்லது டி.எம்.எல்.டி. சேருங்கள். தனியார் லேப்கள் உயிர்வேதியியல் படித்தவர்களை எடுத்துப் பயிற்சி தருகின்றன. ஆனால் ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் அதிகாரம் பி.எஸ்சி.க்குக் கிடையாது.

மருத்துவமனைச் சூழல்தான் பிடிக்கும் என்றால் எம்.எஸ்சி. மருத்துவ உயிர்வேதியியல் என்ற வழி இருக்கிறது. சில மருத்துவக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்பாக நடக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலும் மருத்துவ உயிர்வேதியியல் துறை உண்டு. துணை மருத்துவப் படிப்புகளுக்காக 2021-ல் ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் ஆய்வகப் பணியாளர்களோடு உயிர்வேதியியலாளரும் சேர்க்கப்பட்டிருக்கிறார். விதிகள் இன்னும் நடைமுறைக்கு வந்துகொண்டிருப்பதால், சேரும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெரிய லேபில் ஆட்டோ அனலைசர்தான் அளக்கிறது. அப்படியானால் ஆளுக்கு என்ன வேலை? தினமும் காலையில், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டி, நாள்தோறும் அந்த அளவைக் குறிக்கும் லீவி–ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்ப்பது. ஒரு நோயாளியின் பொட்டாசியம் திடீரென்று உயர்ந்திருந்தால், அது நோயா அல்லது ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்ததால் வந்த பொய்யான அளவா என்று கண்டுபிடிப்பது. அதைத் தவறவிட்டால் ஒருவருக்குத் தேவையில்லாத சிகிச்சை நடக்கும். இந்தப் பொறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

அரசு வேலை?

பலருக்குத் தெரியாத ஒன்று: உணவுப் பாதுகாப்பு அலுவலர். 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளில் இந்தப் பணிக்கான பட்டங்களின் பட்டியலில் உயிர்வேதியியல் பெயரோடு இருக்கிறது. வேதியியல் படித்தவர் முதுகலை முடித்திருக்க வேண்டும், உயிர்வேதியியலுக்கு இளங்கலைப் பட்டமே போதும். கடையில் மாதிரி எடுப்பது, சோதனைக்கு அனுப்புவது, வழக்குப் போடுவது எல்லாம் இவர் வேலை. தமிழ்நாட்டில் 2021-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இதற்கு அறிவிப்பு வெளியிட்டது. எப்போதாவது ஒருமுறைதான் அறிவிப்பு வரும், ஆகவே அந்த வாரியத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதுகலையும் உணவைப் பகுப்பாய்வு செய்த மூன்று வருட அனுபவமும் இருந்தால் உணவுப் பகுப்பாய்வாளர் தேர்வும் எழுதலாம்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்கும் யு.பி.எஸ்.சி.க்கும் பட்டம் போதும். ஆனால் யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடப் பட்டியலில் உயிர்வேதியியல் இல்லை, வேதியியலோ விலங்கியலோ வேறு எதுவோதான் எடுக்க வேண்டும். பள்ளி ஆசிரியராக நினைப்பவர்கள் பி.எட். சேர்வதற்கு முன்பே, உங்கள் பட்டம் வேதியியல் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறதா என்று அரசாணையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். படித்து முடித்த பிறகு இதில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்கள் உண்டு.

எம்.எஸ்சி.க்கு எந்தத் தேர்வுகள்?

இறுதியாண்டில் ஆரம்பித்தால் தாமதம், இரண்டாம் வருடத்திலேயே பழைய வினாத்தாள்களைப் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலைத் தேர்வு. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல் எம்.எஸ்சி.யே இருக்கிறது. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம், அதில் பயோடெக்னாலஜி தாள். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பி.எஸ்சி. முடித்ததும் நேராகச் சேரும் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் ஜாம் ஒரு வாசல். அங்கே உயிர்வேதியியல் துறை 1921-லிருந்து இயங்குகிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவித்தொகையோடு படிக்க காட்–பி என்ற தேர்வு. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் சென்னையின் கிண்டி வளாகம், மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார் எல்லாம் பார்க்க வேண்டியவை.

ஜாமில் கணிதமும் இயற்பியலும் வரும் என்று நம் பிள்ளைகள் பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பிளஸ் டூ அளவுக்கு எட்டிப்பிடித்தால் போதும். தயவுசெய்து எழுதிப் பாருங்கள்.

பிஎச்.டி. செய்தால் சம்பளம் வருமா, இல்லை நாம் கட்ட வேண்டுமா?

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாள் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் கணக்குப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. கேட் தேர்வில் உயிர் அறிவியல் தாளுக்குள் உயிர்வேதியியல் ஒரு பிரிவாக இருக்கிறது, அதுவும் உதவும். ஜே.ஆர்.எஃப். இல்லாமல் பிஎச்.டி.யில் சேர்வதற்கு முன் நன்றாக யோசியுங்கள். உதவித்தொகை இல்லாத ஐந்து வருடம் ஒரு குடும்பத்தை ஆட்டிவிடும்.

ஆராய்ச்சி செய்ய வெளியூர்தான் போக வேண்டும் என்பதில்லை. அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கின்றன. புரதத்தின் மடிப்புக் கோணங்களைச் சோதிக்க உலகமே பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பாடத்தில் அது வரும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து, பயோ நிறுவனங்களில்?

ஐதராபாத், பெங்களூரு பக்கம் வாய்ப்பு அதிகம். பயோகான் 1978-ல் பெங்களூருவில் தொடங்கியபோது பப்பாளிப் பாலிலிருந்து பப்பைன் என்சைம் எடுப்பதுதான் அதன் வேலைகளில் ஒன்று. இன்று இன்சுலின் தயாரிக்கிறது. தரக்கட்டுப்பாட்டில் சேர கலவையில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியை இயக்கத் தெரிந்தவருக்கு முன்னுரிமை. செய்த ஒவ்வொன்றையும் அப்போதே தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கமும் அங்கே உயிர். கல்லூரி ரெக்கார்டைப் பின்தேதியிட்டு எழுதிப் பழகியவர்கள் அங்கே சிரமப்படுவார்கள்.

மெடிக்கல் கோடிங் போகலாமா?

நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் இந்த வேலை சென்னையில் நிறையக் கிடைக்கிறது. குடும்பத்துக்கு உடனே வருமானம் தேவை என்றால் போவதில் தவறில்லை. ஆனால் இரண்டு மூன்று வருடம் கழித்து லேபுக்குத் திரும்புவது கடினம். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எழுத்தும் சட்டமும் பிடித்தவர்கள் காப்புரிமை முகவர் தேர்வைப் பாருங்கள், அறிவியல் பட்டம் இருந்தால் எழுதலாம்.

வெளிநாட்டில் மேற்படிப்பு?

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் தங்கும் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு, உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்தைச் சில நாடுகளும் சில பல்கலைக்கழகங்களும் போதாது என்று சொல்லக்கூடும். ஏஜென்டிடம் கேட்பதைவிட அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா?

புரதத்தின் வடிவத்தைக் கணினியால் கணித்ததற்கும் புதிய புரதங்களை வடிவமைத்ததற்கும் 2024-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆகவே நம் பாடத்துக்குள்ளேயே அது வந்துவிட்டது. பைத்தானோ ஆர் மொழியோ கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், புள்ளியியல் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். கணித்த வடிவம் சரியா என்று பார்க்க அந்தப் புரதத்தை ஒருவர் லேபில் தயாரித்துத்தான் ஆக வேண்டும். இரண்டும் தெரிந்தவரைத் தேடித்தான் இப்போது ஆய்வகங்கள் அலைகின்றன.

கல்லூரி திறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பிளஸ் டூ வேதியியலில் அயனிச் சமநிலை, பஃபர் கரைசல், கார்பனைல் சேர்மங்கள், உயிரியல் மூலக்கூறுகள் ஆகிய பாடங்களை மறுபடி படியுங்கள். மோலாரிட்டி கணக்குகளைக் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பாருங்கள். வீட்டில் யாருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டாவது இருந்தால் எடுத்து, அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, எதிரே இடம் விட்டு வையுங்கள். யூரியா எங்கே உருவாகிறது, கிரியாட்டினின் எதிலிருந்து வருகிறது, கல்லீரலில் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம் ஏன் ரத்தத்துக்கு வந்தது என்று முதல் வருடம் முழுக்க அதை நிரப்பிக்கொண்டே போகலாம்.